ஒரே தெரு, வேறு வேறு படம்: ஃபிரேம் எப்படி அர்த்தம் கொடுக்கிறது?

மதுரை கீழமாசி வீதியில் காலை நேரம். பலசரக்குக் கடை வாசலில் லாரி நிற்க, தலையில் மூட்டையோடு ஒருவர் வருகிறார். எதிரே நிற்கும் இருவர் போனை எடுத்து ஆளுக்கொரு படம் எடுக்கிறார்கள். ஒருவரின் படத்தில் பைக், போஸ்டர், கரன்ட் கம்பி, பாதி லாரி எல்லாம் இருக்கிறது; மூட்டைக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. இன்னொருவர் இரண்டடி நகர்ந்து எடுத்ததில் மூட்டைக்காரரும், அவருக்குப் பின்னால் மினுங்கும் நகைக்கடை விளம்பரமும் மட்டும்தான். பார்த்தவர் "அட, என்னமோ சொல்லுதேப்பா" என்கிறார்.

இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி போன்தான். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்ற முடிவில்தான் வித்தியாசம். இதைத்தான் 'ஃபிரேமிங்' என்கிறார்கள். உள்ளே வந்தவற்றை எப்படி அடுக்குகிறோம் என்பது 'கம்போசிஷன்'. இந்த முடிவுகள் ஒரு படத்தை எவ்வளவு மாற்றும் என்று புரிந்துகொள்ள மதுரையே நல்ல பாடம்.

ஆளில்லாத மதுரை

1858இல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையைப் படமெடுத்தார். கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் பிரம்மாண்டமாகத் தெரியும் அந்தப் படங்களில் ஊர் ஜனத்தைப் பெரும்பாலும் காணோம். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் படம் பதிய நேரம் பிடிக்கும். அதுவரை அசையாமல் இருந்தது கல் மட்டும்தான். நடந்து போனவர்கள் பதியவே இல்லை.

தொழில்நுட்பத்தின் குறை அது. ஆனால், பார்க்கிறவருக்கு வேறு அர்த்தம் கிடைத்துவிடுகிறது: ஆளே இல்லாத, பழம்பெருமை மட்டும் மிஞ்சிய ஊர். ஃபிரேமில் விடுபட்டதும் கதை சொல்லும் என்பதற்கு இது உதாரணம்.

சக்கரமும் விலா எலும்பும்

1950இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் மதுரையில் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, அதற்குப் பின்னால் பெரிய வண்டிச் சக்கரம். சக்கரத்தின் ஆரக்கால்களைப் பார்த்த கண் தானாகவே குழந்தையின் விலா எலும்புக்குப் போகிறது. சக்கரத்தை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் எடுத்திருந்தால் அது ஒரு பரிதாபப் படம். சக்கரம் சேர்ந்ததும் பசி ஒரு வீட்டோடு நிற்காத விஷயமாகத் தெரிகிறது.

எடுத்த படத்தைப் பிறகு வெட்டிச் சரிசெய்வதை அவர் அநேகமாக ஏற்றதில்லை. வியூஃபைண்டரில் பார்க்கும்போதே அடுக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆனால், படத்தின் குறிப்பில் இருப்பது ஊரும் ஆண்டும்தான். அந்தக் குழந்தை யார், பிழைத்ததா? படத்தில் பதில் இல்லை. அடுக்கு கச்சிதமாக அமைந்த படத்திலும் ஒரு மனிதர் பெயரில்லாத உருவமாக நின்றுவிடலாம்.

உள்ளிருந்து ஒரு பார்வை

இந்த இடத்தில்தான் மதுரைக்காரரான எம்.பழனி குமாரின் வேலை முக்கியமாகிறது. மீன் விற்ற தாயின் மகன். அம்மா ஏற்பாடு செய்த கடனில் முதல் கேமரா வாங்கியவர். திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 'பாரி' எனப்படும் ஊரக இந்தியாவுக்கான மக்கள் காப்பகத்தில் பணியாற்றும் இவர், 2022இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும், சாவுகள் நிற்கவில்லை. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் குழியும் வாளியும்தான் நம் கண்ணில் படுகின்றன. பழனி குமாரின் படங்களில் தொழிலாளியின் முகம், அவர் வீடு, அவரை இழந்த குடும்பம் எல்லாம் வருகின்றன. 'ஐயோ பாவம்' என்று கடந்துபோக முடிவதில்லை, 'இவர் யார்?' என்று கேட்க வைக்கிறது. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் அவர் புகைப்படப் பயிற்சி கொடுப்பதும் இதன் தொடர்ச்சிதான். கேமரா யார் கையில் இருக்கிறதோ, ஃபிரேமும் அவர் பார்வைக்கு ஏற்பத்தான் அமையும்.

நீங்கள் எடுக்கும்போது

*முதலில் பின்னணி:* ஆளைப் பார்க்கும் முன் அவருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நல்ல பின்னணி கிடைத்தால் அங்கேயே நின்று, ஆள் வரும்வரை காத்திருக்கலாம்.

*உயரம்:* தரையில் உட்கார்ந்து பூ விற்பவரை நின்றபடி எடுத்தால் அவர் சிறுத்துப்போவார். நாமும் குத்தவைத்து உட்கார்ந்தால் கண்ணுக்குக் கண் பார்க்கலாம்.

*சட்டத்துக்குள் சட்டம்:* டவுன் பஸ் ஜன்னல், டீக்கடைக் கதவு, மண்டபத் தூண்கள். இவற்றின் வழியே எடுத்தால் தேவையில்லாதது மறைந்து, பார்வை ஓரிடத்தில் நிற்கும்.

*வெளிச்சம்:* கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த ஊர் என்பதால், காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்காக ஓடும் வீதிகளில் வெயில் சாய்ந்து விழும். நிழலும் படத்தில் ஓர் ஆள்தான்.

*திரும்பிப் பாருங்கள்:* அழகர் ஆற்றில் இறங்கும்போது ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே திசையில் உயர்கின்றன. அத்தனையிலும் ஒரே படம்தான் இருக்கும். முதுகுப்பக்கம் திரும்பினால், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக் களைத்தவர், அப்பா தோளில் தூங்கும் பிள்ளை என்று வேறொரு திருவிழா நடந்துகொண்டிருக்கும். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கும் இது பொருந்தும். காளை பாயும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அதை வளர்த்த குடும்பம் வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன முகத்தோடு நிற்கிறது?

கேட்டு எடுப்பதா, கேட்காமலா?

கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால், தெருவில் தூங்குபவர், அழுபவர், குழந்தைகள் விஷயத்தில் இயல்பைவிட மரியாதை பெரிது. எடுத்த பிறகாவது காட்டிக் கேட்கலாம். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுவதுதான் நியாயம்.

சித்திரை வீதியில் பூ கட்டுகிறவரிடம் "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டால், "இரு தம்பி, முடியைச் சரிபண்ணிக்கிறேன்" என்று சொல்லக்கூடும். அவர் முடியை ஒதுக்கும் அந்த நொடியையும் எடுக்கலாம். தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அவரே முடிவெடுக்கும் நொடி அது.