அசல்தானா இந்தக் கைக்கடிகாரம்?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒருவர் உங்களிடம் பழைய கைக்கடிகாரம் ஒன்றை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அசல் எச்.எம்.டி. ஜனதா, தம்பி! ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. புதுசு மாதிரி மின்னுது பாருங்க!" என்கிறார். வாங்கலாமா? அவர் புகழும் அந்த மினுமினுப்பைத்தான் நாம் முதலில் ஐயுற வேண்டும்.

ஒட்டுக் கடிகாரம்

எச்.எம்.டி. எனப்படும் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் எனப் பல பெயர்களில் அதன் கடிகாரங்கள் நாடெங்கும் பரவின. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. இன்று அப்பழைய கடிகாரங்களைத் தேடுவோர் பலர். தேடுவோர் பெருகினால் போலியும் பெருகும் அல்லவா?

போலி என்றால் முழுவதும் புதிதாகச் செய்தது என்று எண்ண வேண்டாம். ஓடாத சில கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி, டயலுக்குப் புது வண்ணம் பூசி விற்பதும் உண்டு. இதை ஒட்டுக் கடிகாரம் எனலாம். அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. அந்த முரணைக் கண்டறிவதே நம் வேலை.

நொடி முள்ளின் நடை

சாவி கொடுக்கும்போது கடிகாரத்தினுள் இருக்கும் சுருள்வில் இறுகி ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஆற்றல் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அது ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல் காப்பது, மயிரிழை போன்ற மற்றொரு சுருள்வில்லுடன் இங்குமங்கும் ஆடும் சமன்சக்கரம். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பற்சக்கரங்கள் ஒரு சிறு அடி மட்டுமே நகரும். அப்போது எழுவதே 'டிக்' ஓசை.

சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதாவில் இவ்வாட்டம் மணிக்கு 18,000 முறை நிகழ்கிறது. அதாவது நொடிக்கு 5 முறை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நீங்கள் நான்கு மணி நேரத்தில் நடந்து முடித்தால், அதற்குள் உங்கள் கடிகாரம் 72,000 அடிகள் வைத்திருக்கும்!

எனவே அதன் நொடி முள் ஏறக்குறைய வழுக்குவதுபோல் செல்லும். நொடிக்கு ஒருமுறை தாவித் தாவி நின்றால், உள்ளே இருப்பது பாட்டரியால் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம்.

டயலும் உறையும்

அடுத்து ஓர் உருப்பெருக்கியால் டயலைப் பாருங்கள். தொழிற்சாலை அச்சில் எழுத்துகள் மெலிந்து, ஓரங்கள் கூர்மையாக இருக்கும். கையால் மறுபூச்சுப் பூசியதில் எழுத்துகள் தடித்தோ, நிமிடக் கோடுகள் வளைந்தோ காணப்படலாம். கட்டாமலே பெட்டியில் கிடந்த கடிகாரம் புதிதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் உறை தேய்ந்து, முட்கள் துருவேறி, டயல் மட்டும் பளபளத்தால்? வெயிலும் வியர்வையும் ஈரமும் டயலை மட்டும் விட்டுவைத்தது எப்படி?

உள்ளே இருப்பது என்ன?

கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டயலில் உள்ள பெயரும் இயந்திரத்தில் பொறித்த பெயரும் ஒத்திருக்கின்றனவா? டயலில் 'ஆட்டோமேடிக்' என்றிருந்தால், கை அசையும்போது சுழலும் எடைத்தட்டு உள்ளே இருக்க வேண்டும்.

'17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைக் காட்டி, மாணிக்கக் கல் பதித்தது என்று விலையை உயர்த்துவோரும் உண்டு. அவை ஆலையில் செய்யப்படும் செயற்கை மாணிக்கங்கள். வேதியியல்படி அலுமினியம் ஆக்சைடு. உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்க, அச்சுகள் சுழலும் இடங்களில் பதிக்கப்படுகின்றன. நகைக்கடை மதிப்பு அவற்றுக்கு இல்லை.

இருளில் ஒளிரும் எண்கள்

1960-களுக்கு முந்தைய வெளிநாட்டுக் கடிகாரங்கள் பலவற்றில், துத்தநாக சல்ஃபைடுடன் ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. ரேடியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள். ஆனால் அதன் கதிர்கள் தாக்கித் தாக்கித் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே ஒளிரும் திறனை இழந்துவிடுகிறது. ஆகவே, '1950-இல் செய்தது' என்று சொல்லப்படும் கடிகாரம் இருளில் பிரகாசமாக ஒளிர்ந்தால், பூச்சு பிற்காலத்தது என்று கொள்ளலாம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஒளி போனாலும் கதிரியக்கம் போகாது. 1920-களில் அமெரிக்காவில் இப்பூச்சை டயல்களில் தீட்டிய பெண்கள், தூரிகை முனையை உதட்டால் கூராக்கியதால் நோயுற்று மாண்டனர். எனவே அத்தகைய டயலைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

கடைசிச் சோதனை

முழுச் சாவி கொடுத்து, செல்பேசி நேரத்தோடு பொருத்தி வையுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு நாளில் 86,400 நொடிகள். கடிகாரம் ஒரு நிமிடம் தவறினாலும் பிழை 1,440-இல் ஒரு பங்குதான். வயதான இயந்திரத்திற்கு இது குறையன்று. பல நிமிடங்கள் தவறினால் பழுதுபார்க்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தாவின் கடிகாரம் கிடக்கிறதா? அதைச் சுத்தம் செய்து எண்ணெய் இடச் சொல்லுங்கள். டயலுக்குப் புது வண்ணம் மட்டும் பூசவிடாதீர்கள். மங்கிப்போன அந்த எழுத்துகளே அது அசல் என்பதற்குச் சான்று. ஒருமுறை அழித்துவிட்டால் மீண்டும் வாரா.