கேம் போட்டால் மட்டும் ஏன் ரீஸ்டார்ட்?

“மாமா, ரெண்டு தடவ ஃபார்மட் போட்டாச்சு. படம் பாத்தா, டைப் அடிச்சா ஒண்ணும் ஆகல. கேம் போட்டா பத்தே நிமிஷம், தானா அணைஞ்சு திரும்ப ஆன் ஆகுது. கேம்லதான் ஏதோ வைரஸ் இருக்கு.”

திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து அக்கா மகன் பேசினான். நல்ல சித்திரை வெயில். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கென்று அக்கா வாங்கிக் கொடுத்த கணினி அது. மொட்டை மாடியை ஒட்டிய அறையில், சுவரோடு சேர்த்துப் போட்ட மேசைக்கடியில் இருக்கிறது. தீபாவளிக்குச் சேர்த்த காசில் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அவனே பொருத்தியிருந்தான். இனி ஃபார்மட் போடாதே என்றேன் முதலில். கேம் மீது பழி போடாதே என்றேன் அடுத்து. அந்தப் பெட்டியிடம் முதன்முதலாக முழு வேலை கேட்டது கேம்தான்.

டைப் அடிக்கும்போது ஒரு சாதாரண கணினிக்கு 50, 60 வாட் போதும். ஒரு சீலிங் ஃபேன் ஓடும் அளவு. கேம் தொடங்கியதும் அவன் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். பிராசஸர் கேட்கும் 100 வாட்டையும் சேர்த்தால் 270. கேட்கப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பெட்டிக்குள் ஓடுவது 230 வோல்ட் அல்ல, வெறும் 12 வோல்ட். 270ஐ 12ஆல் வகுத்தால் 22.5 ஆம்பியர் வரும். சட்னி அரைக்கும் 750 வாட் மிக்ஸி சுவரிலிருந்து இழுப்பதே மூன்று ஆம்பியர் சொச்சம்தான். அதைப்போல ஏழு மடங்கு கரண்ட், விரல் நீள பிளாஸ்டிக் கனெக்டர்கள் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இதைக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை. அது தரும் 12 வோல்ட் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. மதர்போர்டுக்குப் போகும் ஒயர்க் கற்றையில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கும். அது கரண்ட் கொடுக்கும் ஒயர் அல்ல, தகவல் சொல்லும் ஒயர். ‘எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறது’ என்று எஸ்எம்பிஎஸ் அதில் 5 வோல்ட்டை நிறுத்தி வைக்கும். திண்டுக்கல் பூட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: உள்ளேயுள்ள லீவர் எல்லாம் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் தாழ் நகரும். சாம்பல் ஒயரின் 5 வோல்ட் விழுந்த கணமே மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சுமை போனதால் வோல்டேஜ் மீளும், சாம்பல் ஒயர் திரும்பவும் ‘சரி’ என்னும், கணினி புதிதாக எழும். அவன் பார்த்த ரீஸ்டார்ட் இதுதான்.

இதனால்தான் கணினி எப்படி விழுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். நீலத் திரை ஒரு நொடி மின்னிவிட்டுப் போனால், விண்டோஸ் தானே பிழையைக் கண்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. டிரைவர், ராம் என்று தேட வேண்டும். அடியோடு அணைந்து, பின்னாலுள்ள சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு பூட்டிக்கொண்டிருக்கலாம். எச்சரிக்கையே இல்லாமல் திரை கறுத்து உடனே எழுந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொன்னேன். ‘கர்னல்-பவர் 41’ வரிசையாக நின்றது, உள்ளே பக்செக் கோடு 0. 41 என்பது நோயின் பெயர் அல்ல. முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் எழுந்தேன் என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு மட்டுமே. பக்கத்திலுள்ள 0, விழுந்தது விண்டோஸுக்கே தெரியவில்லை என்கிறது.

“சூடாயிருச்சுன்னு ரீஸ்டார்ட் ஆகாதா மாமா?” என்றான். நியாயமான கேள்வி. இன்றைய பிராசஸர்கள் சூடேறினால் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் பிராசஸர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி. கேம் தடுமாறும், திக்கும். அதையும் மீறினால்தான் அணைந்துபோகும். ஆகவே சூடு நேரடிக் குற்றவாளியாக இருப்பது குறைவு. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை மெல்ல மெல்லக் கெடுப்பது அதே சூடுதான். அதற்குள்ளிருக்கும் கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. 22 டிகிரி ஏசி அறையில் சோதித்த பொருள், சமவெளிக் கோடையில் 38 டிகிரியைத் தொடும் மாடி அறைக்கு வரும்போது அந்த 16 டிகிரியும் உள்ளேயிருக்கும் சூட்டோடு அப்படியே கூடும். இதே மாவட்டத்தில், மேலே கொடைக்கானலில் அதே பெட்டி சுகமாக ஓடும். அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் தள்ளும் காற்று சூட்டைக் கொஞ்சம் குறைவாகவே வாங்கும். ஆனாலும் குளிர் அதை ஈடுகட்டிவிடும்.

அடுத்தது வீட்டு மின்சாரம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். சுவரில் கரண்ட் ஒரு இமைப்பொழுது போனாலும், நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லிவினாடி வரை தாக்குப்பிடிக்கும். நம் மின்சாரத்தின் ஒரு அலை 20 மில்லிவினாடி. சுமை குறைவாக இருந்தால் அதே சேமிப்பு இன்னும் அதிக நேரம் வரும். சுமை கூடினால் சட்டென்று தீரும். விளக்கு வைக்கும் நேரத்து லோ வோல்டேஜில் டக், டக் என்று ஸ்டெபிலைசர் மாறும்போது டைப் அடிப்பவர் தப்பிப்பதும், கேம் ஆடுபவர் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கணினி இருக்கும் வீட்டில் அது அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்தான் என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுகள் கரண்டைச் சீராக இழுப்பதில்லை. மைக்ரோவினாடிக் கணக்கில் துள்ளித் துள்ளி இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எழுதியிருக்கும் திறனைப்போல இரு மடங்கை 100 மைக்ரோவினாடி நேரம் எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்று கேட்டது இதற்காகத்தான். கேமே கார்டைத் தேவையின்றி விரட்டுவதும் உண்டு. 2021 ஜூலையில் ‘நியூ வேர்ல்ட்’ கேமின் சோதனைப் பதிப்பை ஆடிய சிலரின் விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தன. மெனு திரையில் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பே இல்லை. அமேசான் வரம்பு வைத்தது. கார்டு செய்த ஈவிஜிஏ நிறுவனமோ, சில கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று ஒப்புக்கொண்டது. மறைந்திருந்த பலவீனத்தைச் சுமை வெளியே கொண்டுவந்தது.

அதையே சோதனையாக்கினோம். கேமில் ஃபிரேம் வேகத்தை 60இல் நிறுத்தச் சொன்னேன். பிறகு ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆடினான், ரீஸ்டார்ட் இல்லை. திரும்ப 100க்கு ஏற்றினான், ஏழாவது நிமிடம் விழுந்தது. ஒரு ரூபாய் செலவில்லை, ஃபார்மட் இல்லை, சந்தேகம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ராம் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் ஓட்டிப் பார்த்தோம். அங்கே குறை இல்லை.

மறு வாரம் ஊருக்குப் போனபோது பெட்டியைத் திறந்தேன். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் ஒயரே இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கான ஒயரில் கன்வெர்ட்டர் மாட்டியிருந்தான். 10 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.06 ஓம் தடை இருந்தால் 0.6 வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். 12இல் அதைக் கழித்தால் 11.4, எல்லையின் விளிம்பு. கன்வெர்ட்டரின் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. ரீஸ்டார்ட் அல்ல, தீயே பிடித்திருக்கலாம்.

எல்லாமே மின்சாரம்தான் என்றும் சாதிக்க மாட்டேன். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, கேம் நடுவே விழுந்தபோது, எஸ்எம்பிஎஸ் மாற்றியும் ராம் மாற்றியும் பலர் அலுத்துப்போனார்கள். குறை பிராசஸருக்குள்ளேயே இருந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்த வகை வைத்திருப்பவர்கள் பயாஸை முதலில் புதுப்பியுங்கள்.

அக்கா மகனின் நண்பன் வீட்டிலிருந்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டினோம். பவர் லிமிட் 100, வெளியே 38 டிகிரி, நான்கு மணி நேரம் ஆடியும் விழவில்லை. பிறகுதான் புதிது வாங்கினான். பழையதைத் திறக்க ஸ்குரூ டிரைவரோடு வந்தவனைத் தடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபேன் இறக்கையில் மில் ஊருக்கே உரிய பஞ்சுத் தூசி படிந்திருந்தது. பின்னால் மூன்று கெப்பாசிட்டர்கள், தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரி மாதிரி உப்பி நின்றன.