அறிக்கை கைக்கு வரும் வரைக்கும்

"பப் பரிசோதனையில் மாற்றம் தெரிகிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போய் மேலும் பரிசோதிக்க வேண்டும்" என்று சொல்லப்படும் நாளுக்கும், "உங்களுக்கு இருப்பது இதுதான்" என்று வைத்தியர் சொல்லும் நாளுக்கும் இடையில் சில வாரங்கள் உள்ளன. அந்த வாரங்களை எப்படிக் கடப்பது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. நான் இப்போது அந்த வாரங்களில்தான் இருக்கிறேன். சிறு சதைத் துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியாயிற்று. முடிவு அடுத்த மாதம்தான் தெரியும். உங்களில் ஒருத்தி எங்கோ இதேபோல் காத்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 45. கிளிநொச்சி மாவட்டத்தில் தையல் வேலை செய்து வாழ்கிறேன். கணவரை 2009 இல் இழந்தேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். எங்கள் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கப்பட்டவை. பணம் எதுவும் கேட்பதில்லை. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். அப்படித்தான் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் என்னையும் கூப்பிட்டார்.

அறிக்கை என்ன சொல்கிறது?

அறிக்கை வந்த அன்று மிஸ் சொன்னது இதுதான்: "அக்கா, இது புற்றுநோய் எண்டு சொல்லேல்லை. கலங்களில ஒரு மாற்றம் இருக்குது, வடிவாப் பாக்கவேணும் எண்டுதான் சொல்லுது." எனக்குக் காதில் விழுந்தது 'புற்றுநோய்' என்ற ஒரு சொல் மட்டும்தான். மற்றதெல்லாம் இரண்டாம் தரம் போய்க் கேட்டபோதுதான் விளங்கியது.

பப் பரிசோதனை சுளகில் அரிசி புடைப்பதைப் போன்றது. கறுப்பாக ஒன்று தெரிந்தால் கை நின்று பார்க்கிறது. அது கல்லாகவும் இருக்கலாம், உமியாகவும் இருக்கலாம். கருப்பைக் கழுத்தில் அழற்சி, கிருமித் தொற்று, மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் மாற்றம் ஆகியவையும் கலங்களை வேறுவிதமாகக் காட்டலாம். எச்.பி.வி. என்ற வைரசு முக்கியமான காரணம். சிறிய மாற்றங்கள் பலவும் தாமாகவே மாறிவிடுகின்றன. மாறாமல் நிற்கும் தொற்றும்கூட, உடலின் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணிடம் புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் வரை எடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு முந்திய நிலையிலேயே கண்டுபிடித்தால் மாறிய பகுதியை மட்டும் அகற்றிவிட முடியும்.

அடுத்த பரிசோதனையின் பெயர் கொல்பொஸ்கோபி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உருப்பெருக்கும் கண்ணாடி வெளியே நிற்கிறது, அது உடலுக்குள் போவதில்லை. வினாகிரி போன்ற ஒரு திரவத்தைத் தடவுவார்கள், சற்று எரியும். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அதிலிருந்து சிறு துண்டு எடுப்பார்கள். எனக்கு ஒரு கிள்ளுப் போல இருந்தது. இரண்டு நாள் இலேசான இரத்தக் கசிவும் இருந்தது.

ஊர் என்ன சொல்லும்?

நோயை விட எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. எச்.பி.வி. உடலுறவினால் தொற்றும் வைரசு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு இது எப்படி வந்தது என்று யாரும் கேட்டால் என்ன சொல்வது? வைத்தியரிடமே கேட்டேன். திருமணமானவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்வில் ஒரு தடவையாவது இந்த வைரசு தொற்றியிருக்கும் என்றும், அது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் கிடக்கக்கூடும் என்றும் அவர் சொன்னார். இது யாருடைய நடத்தைக்கும் கொடுக்கப்பட்ட சான்றிதழ் அல்ல. கணவனை இழந்த சகோதரிகளே, இந்தப் பயத்தால் கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமையும் எங்களுக்கு இல்லை. நான் மூன்று பேருக்குத்தான் சொன்னேன். மச்சாள் என்னோடு வைத்தியசாலைக்கு வந்தா. பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு ஆடுகளைப் பார்த்துக்கொண்டா. மகளிடம், "ஒரு பரிசோதனை செய்திருக்கினம், முடிவு வந்த உடனே உனக்குத்தான் முதல் சொல்லுவன்" என்றேன். மறைத்தால் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்து இதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்வார்கள்.

உடம்பு நினைவு வைத்திருப்பவை

எங்களில் பலருக்கு வைத்தியசாலை வெறும் வைத்தியசாலை அல்ல. பினாயில் மணமும், ஓடையில் கிடக்கும் கட்டில்களும் 2009 ஐக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். எனக்கும் நெஞ்சு படபடத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நிலத்தில் நன்றாக ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை மனதுக்குள் சொன்னேன். சில நிமிடங்களில் படபடப்பு இறங்கியது. போரில் காயப்பட்டவர்களுக்கும் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் உள் பரிசோதனை மிகவும் கடினமாக இருக்கும். "பெண் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்", "கொஞ்சம் நிறுத்துங்கோ" என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நாட்களை எப்படி நகர்த்துவது?

கவலைப்படாதே என்று சொன்னால் கவலை போவதில்லை. அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தேன். மாலையில் விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம். பகலில் நினைப்பு வந்தால், "பின்னேரம் பாப்பம்" என்று தையலுக்குத் திரும்புவேன். அந்த அரை மணி நேரத்தில் வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றைக் கொப்பியில் எழுதுவேன். மாற்றம் எந்த அளவில் உள்ளது? சிகிச்சை தேவையா, கவனித்திருந்தால் போதுமா? எங்கே செய்வார்கள்? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? எழுதிய பயம் அளவில் சிறுத்துவிடுகிறது.

கைத்தொலைபேசியில் நோயின் பெயரைத் தேடுவதை நிறுத்தினேன். நேர்த்தி வைத்தேன், அது மனதுக்கு. கிளினிக் திகதியை மட்டும் எதற்காகவும் தள்ளிப் போடவில்லை. இடைக்காலத்தில் மாதவிடாய் அல்லாத இரத்தப்போக்கு, மாதவிடாய் நின்ற பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளை ஆகியவை இருந்தால் திகதி வரும்வரை காத்திராமல் உடனே போக வேண்டும். இரண்டு வாரமாக நித்திரையும் சாப்பாடும் இல்லை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

முடிவு மோசமாக வந்தால்? அதையும் நினைத்துப் பார்த்தேன். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில் 2013 இலிருந்து இயங்குகிறது. வடக்கிலேயே போவதற்கு ஓரிடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மகள் ஆறாம் வகுப்பில் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போட்டவள். 2017 முதல் அது மாணவிகளுக்கு வழங்கப்படுகிறது. என் தலைமுறைக்குக் கிடைக்காத காவல் அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

உங்களுக்கு 35 அல்லது 45 வயதாகி இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால், உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாள் எப்போது என்று இந்தக் கிழமையே கேளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.