சமையல் சோடா வாயில் என்ன செய்கிறது?

சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே, பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் இதை மெல்ல மெல்லச் சரிசெய்யும். அதற்கு அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

அதுவரை பல் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்தால், பிஎச் 8-ஐத் தாண்டும் மென்மையான காரக் கரைசல் தயார். அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். அமிலம் அடங்கும், வாய் நாற்றமும் குறையும். செலவு சில காசுகள்தான். (சலவை சோடா வேறு பொருள், அது வாயைப் புண்ணாக்கிவிடும்.)

சோடாவோடு எலுமிச்சை பிழிந்து தேய்த்தால் பல் வெளுக்கும் என்பார்கள். நம்பவே நம்பாதீர்கள்! அந்தச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது. செங்கல் பொடி, கரகரப்பான கரித்தூள் இரண்டும் எனாமலை உராய்ந்தே தேய்த்துவிடும். தேய்ந்த எனாமலை உடல் மறுபடி வளர்ப்பதில்லை.

சோடாவில் ஃப்ளோரைடு கிடையாது. அமிலத்தைத் தாங்கும் வலுவை எனாமலுக்குத் தருவது ஃப்ளோரைடுதான். எனவே சோடாக் கொப்பளிப்பை உணவுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். காலையும் இரவும் ஃப்ளோரைடு பற்பசையை விட்டுவிடாதீர்கள்.