கடைத்தெருவுக்கு ஒரு வரைபடம்: நம் கணினியிலேயே வரையலாம்

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பினாங்கு லிட்டில் இந்தியாவைத் தேடிப் பாருங்கள். லெபோ பாசார், லெபோ குவின், லெபோ பினாங் என்று தெருப்பெயர்கள் வரும். லெபோ பாசாரில் பூமாலை கட்டும் பெரியவர் ஒருவரிடம் இது என்ன தெரு என்று கேட்டால், "கடைத்தெரு" என்பார். இரண்டு பெயரும் சரிதான். ஆனால் உங்கள் திரையில் எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தவர் அந்தப் பெரியவரும் அல்லர், நீங்களும் அல்லர். எங்கோ ஒரு நிறுவனத்தின் வழங்கிக் கணினி முடிவு செய்கிறது.

அந்த வழங்கியை, அதாவது மேப் சர்வரை, நாமே அமைத்துக்கொண்டால்? முடியும். வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியே போதும். மென்பொருளுக்கும் காசில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

வரைபடத்தை விரலால் நகர்த்தும்போது, ஓரத்தில் சதுரம் சதுரமாகப் படம் வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். இணையம் மெதுவாக இருந்தால் இது நன்றாகத் தெரியும். அந்தச் சதுரங்களுக்கு 'டைல்' என்று பெயர். தரையில் பதிக்கும் ஓடு போலத்தான். ஒவ்வோர் ஓடும் பொதுவாக 256 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். பூஜ்ய மட்டத்தில் உலகம் முழுவதும் ஒரே ஓட்டுக்குள் அடங்கிவிடும். அடுத்த மட்டத்தில் அதை நான்காக வெட்டுவார்கள். அதற்கடுத்து 16, பிறகு 64. கணிதப் பாடத்தில் படித்த அடுக்குகள்தான், 4-இன் அடுக்கு. 18-ஆம் மட்டத்துக்கு வந்தால் 6,871 கோடிக்கும் மேற்பட்ட ஓடுகள்!

மலைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி வெறும் கடல். நமக்கு வேண்டியதோ சில தெருக்கள். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,075 கிலோமீட்டர். அதை 18-ஆம் மட்டத்தில் ஒரு வரிசையில் இருக்கும் 2,62,144 ஓடுகளால் வகுத்தால், ஓர் ஓடு சுமார் 153 மீட்டர் அகலம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஐந்தரை பாகைக்குள் இருப்பதால் அந்தக் கணக்கு இங்கேயும் ஏறத்தாழ அப்படியே பொருந்தும். லிட்டில் இந்தியாவின் முக்கியத் தெருக்களை இரண்டு டஜன் ஓடுகளுக்குள் அடக்கிவிடலாம். ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பினாங்குத் தீவு முழுவதற்கும் 13,000 ஓடுகள் அளவில் போதும்.

ஒவ்வோர் ஓட்டுக்கும் வீட்டு எண் போல ஒரு முகவரி உண்டு. முதலில் மட்டம், அடுத்து இடமிருந்து வலமாக எத்தனையாவது, பிறகு மேலிருந்து கீழாக எத்தனையாவது. எண்ணத் தொடங்குவது பூஜ்யத்திலிருந்து. லிட்டில் இந்தியா இருக்கும் ஓடு, 10-ஆம் மட்டத்தில் 10/797/496. நடு எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். லிட்டில் இந்தியாவின் தீர்க்கரேகை கிழக்கே 100.34 பாகை. அதனுடன் 180-ஐக் கூட்டி, 360-ஆல் வகுத்து, 1,024-ஆல் பெருக்குங்கள். தசமத்துக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டால் 797. மூன்றாவது எண்ணுக்கு மெர்காட்டர் 1569-இல் வகுத்த வரைபட முறையின் சூத்திரம் வேண்டும். கூடுதல் கணிதம் படிப்பவர்கள் முயன்று பாருங்கள்.

இனி தரவு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் தெருக்களின் விவரம் இல்லாமல் என்ன வரைவது? 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' திட்டத்தைத் தொடங்கினார். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவது போல, இங்கே யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரை வரைந்து சேர்க்கலாம். அதில் படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், அவற்றுக்கு ஒட்டிய குறிச்சொற்கள், அவ்வளவே. ஒரு கோட்டுக்கு 'இது சாலை', 'இது ஒருவழிப் பாதை', 'இதன் பெயர் லெபோ பாசார்' என்று குறிச்சொற்கள் இருக்கும். பெயரை மொழிவாரியாகவும் சேர்க்கலாம். மலாய்ப் பெயருக்கு 'எம்எஸ்', தமிழுக்கு 'டிஏ' என்பது மொழிக்குறி.

முழு உலகத் தரவு 80 ஜிகாபைட் அளவில் இருக்கும். அது நமக்கு வேண்டாம். ஜியோஃபாப்ரிக் என்ற ஜெர்மானிய நிறுவனம் நாடு வாரியாக வெட்டித் தருகிறது. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே கோப்பில் சில நூறு மெகாபைட்டில் கிடைக்கும். 'ஓஸ்மியம்' என்ற கருவியால் அதிலிருந்து பினாங்கை மட்டும் நறுக்கிக்கொள்ளலாம்.

வழங்கிக்குள் நடப்பதை நம்மூர் உணவுக் கடையோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருக்கட்டும். 'போஸ்ட்கிரெஸ்' என்ற தரவுத்தளம்தான் சரக்கறை. அதோடு 'போஸ்ட்ஜிஐஎஸ்' சேர்ந்தால், "இந்தச் சதுரத்துக்குள் எந்தெந்தச் சாலைகள் வருகின்றன?" போன்ற கேள்விகளுக்கு நொடியில் பதில் சொல்லும். பதிவிறக்கிய கோப்பை அதற்குள் ஏற்றுவதற்குத் தனி மென்பொருள் உண்டு. ஏற்றும்போது எல்லாக் குறிச்சொற்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் தமிழ்ப் பெயர்கள் சரக்கறைக்கே வந்து சேராது. பிறகு எங்கே தேடியும் பயனில்லை.

சமையல்காரர் 'மேப்னிக்'. சாலைக்கு என்ன நிறம், கோயிலுக்கு என்ன சின்னம், எழுத்து எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் பாணிக் கோப்பு என்ற சமையல் குறிப்பைப் பார்த்து அது வரையும். 'அப்பாச்சி' என்ற வலை வழங்கி, மேசைக்குப் பரிமாறுபவர். ஒருமுறை வரைந்த ஓட்டை வட்டில் பத்திரப்படுத்தி வைக்கும். அடுத்தவர் கேட்டால் சூடு மாறாமல் எடுத்துக் கொடுத்துவிடும். ஓடுகளைத் தனித்தனியாக வரையாமல், எட்டுக்கு எட்டு என 64 ஓடுகளை ஒரே பெரிய படமாக வரைந்து பிறகு வெட்டுவது வழக்கம். தனித்தனியாக வரைந்தால் ஒரு தெருப்பெயர் இரண்டு ஓடுகளின் எல்லையில் பாதியில் அறுந்து நிற்கும். கடைசியாக, உலாவியில் ஓடுகளை அடுக்கி, விரலால் நகர்த்த வைப்பது 'லீஃப்லெட்'. 2011-இல் உக்ரைன் நாட்டு நிரலாளர் வொலோதிமிர் அகாஃபோன்கின் வெளியிட்ட சின்ன மென்பொருள் அது. இத்தனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும் 'டாக்கர்' வழியும் உண்டு. ஆனால் முதல் முறை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்பதே நல்லது. எது எங்கே உடைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

பாணிக் கோப்பில் நாம் மாற்ற வேண்டியது பெயர் வரும் இடங்களை. 'பெயரைக் காட்டு' என்று இருப்பதை, 'தமிழ்ப் பெயர் இருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் பொதுப் பெயரைக் காட்டு' என்று மாற்றுகிறோம். உடனே தமிழ் வந்துவிடுமா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தாம் தெரியும். 'நோட்டோ' தமிழ் எழுத்துருவை நிறுவி, பாணிக் கோப்பிலும் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, 'கோயில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி 'கோ' என்பதைக் 'க' என்றும், அதன்பின் ஓகாரக் குறி என்றும் சேமிக்கிறது. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் போக வேண்டும். 'ஹார்ஃப்பஸ்' என்ற மென்பொருள் நூலகத்தின் துணையோடு மேப்னிக் இதைச் சரியாகச் செய்கிறது. ஓடுகளைப் படமாக அனுப்பாமல் கோடுகளாக அனுப்பி உலாவியிலேயே வரையும் புதிய முறை ஒன்றும் இருக்கிறது. வேகமானதுதான், ஆனால் அவ்வகை மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழைக் கோப்பதில் தகராறு. என்னைக் கேட்டால், தமிழ் வேண்டுவோர் முதலில் படஓடு முறையிலேயே தொடங்கலாம்.

இதெல்லாம் பெயருக்காக மட்டுந்தானா என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின்மீது ஒரு வரைபடம் அமைத்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தார்கள். தரவு திறந்திருந்ததால்தான் அவ்வளவு விரைவில் அது முடிந்தது. 2017 நவம்பரில் பினாங்கு கண்ட பெருவெள்ளத்தை உங்களில் சிலர் வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய நாளில் இணையம் அறுந்தாலும், பள்ளியிலேயே இருக்கும் வழங்கி அந்தக் கட்டடத்தின் வைஃபையில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் இருந்தால் போதும்.

லெபோ குவினில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் ஆலயம், தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டியார்களின் வெள்ளித் தேர் புறப்படும் லெபோ பினாங் கோயில் வீடு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே சேர்க்கலாம். ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள். வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, அது காப்புரிமை மீறல். அடுத்தது, பெயரை நீங்களாக மொழிபெயர்க்கக் கூடாது. 'பாசார்' என்றால் சந்தைதானே என்று 'சந்தைத் தெரு' எனப் பதிந்தால், ஊரில் யாரும் வழங்காத ஒரு பெயரை நீங்கள் உண்டாக்கியதாகிவிடும். வாயில் வழங்குவதை, பெயர்ப்பலகையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். சந்தேகமிருந்தால் கடைக்காரர்கள் நாலு பேரிடம் கேளுங்கள். உங்கள் வரைபடத்தின் மூலையில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று நன்றி குறிப்பிடுவதும் உரிமத்தின் நிபந்தனை.

பெயரைச் சேர்த்த கையோடு உங்கள் வழங்கியைத் திறந்தால் பழைய பெயரே தெரியும். பயப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பது பதிவிறக்கிய நாளின் தரவு. அடுத்த சில நாளில் புதிய கோப்பை இறக்கி, மறுபடி தரவுத்தளத்தில் ஏற்றி, வட்டில் சேர்ந்திருக்கும் பழைய ஓடுகளை அழித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். முதல் முறை சற்றுத் தாமதமாகும், மேப்னிக் அந்த 64 ஓடுகளையும் புதிதாக வரைந்தாக வேண்டுமே. பிறகு லெபோ பாசாரின்மீது 'கடைத்தெரு' என்று தோன்றும்.