ஆண்டிகனிக்கு அஞ்சிய அரசு: நிறவெறிச் சட்டங்களும் ஒரு சிறு நாடகக் குழுவும்

1963-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நியூ பிரைட்டன் குடியிருப்பில் ‘சர்ப்பென்ட் பிளேயர்ஸ்’ என்ற சிறு நாடகக் குழு உருவானது. அதன் உறுப்பினர்கள் பகலில் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வீட்டுப் பணியாளர்களாகவும் உழைத்தவர்கள். ஒத்திகைக்கு இரவுகளே மிஞ்சின. வெள்ளையின நாடகாசிரியரான அத்தோல் ஃபுகார்டை அவர்களே தேடிச் சென்று இயக்குநராக அழைத்தார்கள். மாக்கியவெல்லியின் நகைச்சுவை நாடகத்தைத் தழுவித் தொடங்கிய அக்குழு, பூஹ்னரின் ‘வொய்செக்’, பிரெக்டின் ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’, சோஃபோக்ளிஸின் ‘ஆண்டிகனி’ எனச் செவ்வியல் நாடகங்களை மேடையேற்றியது.

இவற்றுள் எதுவும் தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதப்பட்டதன்று. ஆயினும் குழுவின் நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைது செய்யப்பட்டனர். பிரெக்டின் நாடகத்தில் நீதிபதி அஸ்தக்காக நடிக்கவிருந்தவர் ஒத்திகைக் காலத்திலேயே பிடித்துச் செல்லப்பட்டார். பழைய நாடகங்களை நடித்தவர்களைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்ச வேண்டும்?

மேடையைச் சூழ்ந்த சட்டங்கள்

சோஃபோக்ளிஸை நடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. அதற்கான தேவையும் அரசுக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், யார் எங்கே வாழலாம் என்பதை நிறத்தைக் கொண்டு வரையறுத்தது. 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம், பொது இடங்களைப் பிரித்ததோடு, பிரிக்கப்பட்ட வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. 1965-ஆம் ஆண்டு வெளியான ஓர் அரசாணை, அனுமதிச் சீட்டு இல்லாமல் பல்வேறு இனத்தவர் சேர்ந்து நடிப்பதையும் சேர்ந்து பார்ப்பதையும் தடுத்தது. இவற்றுக்கு மேலாக, குற்றச்சாட்டு ஏதுமின்றி ஒருவரைத் தொண்ணூறு நாட்கள் சிறையில் அடைக்க 1963-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது.

ஆக, நாடகப் பிரதியைத் தொடாமலேயே நடிகரின் உடலையும் அவர் நடந்து வரும் பாதையையும் அரங்கின் கதவையும் சட்டம் கட்டுப்படுத்தியது. தணிக்கையின் முழு வடிவம் இதுதான்.

தீவுச் சிறையில் ஆண்டிகனி

‘ஆண்டிகனி’யின் கதை எளியது. போரில் மாண்ட தன் சகோதரனின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்று மன்னன் கிரேயோன் ஆணையிடுகிறான். ஆணையை மீறி அவள் மண்ணிடுகிறாள், அதற்காகத் தண்டிக்கப்படுகிறாள். இந்நாடகத்தை 1965-இல் குழு தயாரித்தபோது, ஹீமோன் வேடமேற்ற இளைஞர் கைதாகி ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவ்வேடத்தை ஏற்றவர் ஜான் கானி. சிறைக்குச் சென்றவரோ கதையைக் கைவிடவில்லை. நினைவில் நின்றதைச் சுருக்கி அங்கேயே நடித்துக் காட்டினார். அதே சிறையில் கைதிகள் நடித்த ‘ஆண்டிகனி’யில் தாம் கிரேயோனாக நடித்ததை நெல்சன் மண்டேலா தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வனுபவங்களிலிருந்தே ஃபுகார்ட், கானி, வின்ஸ்டன் நிட்ஷோனா மூவரும் சேர்ந்து ‘தீவு’ நாடகத்தை உருவாக்கினர். சிறைகளைப் பற்றிய செய்தியை வெளியிடுவது 1959-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தின்கீழ் ஆபத்தானது என்பதால், 1973-இல் கேப் டவுனில் அது வேறு தலைப்பில் அரங்கேறியது. கானியும் நிட்ஷோனாவும் முழுநேர நடிகர்களானபோது மற்றொரு தடை எழுந்தது: கறுப்பினத்தவருக்கு ‘நடிகர்’ என்றொரு தொழிலை அரசின் ஆவணங்கள் அங்கீகரிக்கவில்லை. ஆகவே அவர்கள் ஃபுகார்டின் வீட்டுப் பணியாளர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். 1975-இல் நியூயார்க்கில் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பகிர்ந்துகொண்ட இருவர், சொந்த நாட்டின் பதிவேட்டில் வேலைக்காரர்கள்!

நாம் பெறும் பாடம்

சாதியும் நிறவெறியும் முற்றிலும் ஒன்றே என நாம் கூறவில்லை. ஆயினும், இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் உள்ள ‘வம்சாவளி’ என்னும் சொல் சாதிப் பாகுபாட்டையும் உள்ளடக்கும் என ஐ.நா. குழு 2002-ஆம் ஆண்டின் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியிருப்பதால், இவ்வரலாற்றை அயலார் கதையாக நாம் ஒதுக்க இயலாது.

நமது அரசியலமைப்பின் 15(2)-ஆம் கூறும் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் பொழுதுபோக்கு இடங்களில் நுழையும் உரிமையை உறுதி செய்கின்றன. தமிழ்நாட்டின் 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ‘பரீக்‌ஷா’ குழுவின் ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதவை என அறிவித்தது. பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டச் சொல்லும்போது, தெருவில் நாடகம் போடும் மாணவர்கள் முதலில் நினைவுகூர வேண்டிய தீர்ப்பு இது.

ஆனால் ‘ஆண்டிகனி’ நம்மிடம் கேட்கும் கேள்வி இதனினும் கடினமானது. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது. சுடுகாட்டையும் இடுகாட்டையும் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்கீழ் 2016 சனவரி 26 முதல் தண்டனைக்குரிய குற்றம். அதாவது இங்கே சட்டம் ஆண்டிகனியின் பக்கம் நிற்கிறது. கிரேயோனின் ஆணையோ ஊரில் எழுதப்படாமலேயே செல்லுபடியாகிறது.

அந்த ஆணை யாருடையது என்று ஊர் நடுவே உரக்கக் கேட்பதற்கு ஒரு வழக்கு வேண்டும். அதற்கு முன்பே ஒரு நாடகம் அதைக் கேட்டுவிட முடியும். நியூ பிரைட்டனில் அதற்கு ஒரு தேவாலய மண்டபமும், வேலை முடிந்து வந்த சிலரும் போதுமானவர்களாக இருந்தனர்.