இறந்த அம்மாவுக்கு நிஷா எழுதிய கடிதங்கள்

1947 ஜூலை 14. சிந்து மாகாணத்தில் மிர்பூர் காஸ் என்ற ஊரில் நிஷாவுக்கும் அவளோடு இரட்டையாகப் பிறந்த அமிலுக்கும் பன்னிரண்டாவது பிறந்தநாள். வீட்டுச் சமையல்காரர் காஸி அவளுக்கு ஒரு நாட்குறிப்பேட்டைப் பரிசளிக்கிறார். அதில் அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள். இரட்டையரைப் பெற்றெடுத்தபோதே அம்மா இறந்துவிட்டார். வீரா ஹிரானந்தானி எழுதி 2018-ல் வெளிவந்த ‘தி நைட் டைரி’ நாவல் முழுக்க இந்தக் கடிதங்கள்தான். மறு ஆண்டு அமெரிக்காவின் நியூபெரி கௌரவ விருதைப் பெற்றது. இந்திய-பாகிஸ்தான் பிரிவினையின்போது மிர்பூர் காஸை விட்டு ஜோத்பூருக்கு வந்த குடும்பம் ஆசிரியருடைய தந்தையின் குடும்பம். அவர்கள் எல்லை கடந்த வரலாறே இந்தப் புனைவுக்கு வித்து.

பிரிவினைக் கதை என்றதும் மதவெறியைப் பற்றிய நூல் என்று நினைத்துக்கொள்வோம். இதன் ஆழம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. நிஷாவின் அப்பா இந்து, அம்மா முஸ்லிம். இரு வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி மணந்தவர்கள். மருத்துவரான அப்பாவிடம் எந்த மதத்தின் மீதும் வெறுப்பு கிடையாது. ஆனாலும் மனைவியை இழந்த வலியில் அவரைப் பற்றி வாயே திறப்பதில்லை. அம்மா எப்படிச் சிரித்தார், அவருடைய சொந்தபந்தம் யார், எதைக் கும்பிட்டார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாது. தெருவில் பகை மூண்டதும் இந்த வெற்றிடம்தான் ஆபத்தாகிறது. நான் எந்தப் பக்கம் என்று நிஷா கேட்கும்போது அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அம்மா, பேச்சில்கூட வீட்டில் இல்லை. தப்பெண்ணம் தலைமுறை தாண்டுவதற்குப் பெரியவர்கள் அதைப் போதிக்க வேண்டியதில்லை. துக்கத்தை மூடி வைத்தாலே போதும். சாவைப் பற்றிப் பேசாத வீட்டில் பிள்ளைகள் வெளியாரின் பேச்சைக் கேட்டே தங்கள் குடும்பத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். குடும்பத் துக்கத்தையும் பரம்பரைத் தப்பெண்ணத்தையும் ஒரே கதையில் வைத்த ஆசிரியரின் முடிவு இதனால்தான் சரியானது.

இதற்கு நாவலிலேயே வலுவான சான்று உண்டு. நிஷாவின் குடும்பம் ஊரைவிட்டு எல்லையை நோக்கி நடக்கும் வழியில் ஒருவன் நிஷாவின் கழுத்தில் கத்தியை வைக்கிறான். இந்துக்கள் தன் குடும்பத்தைக் கொன்றுவிட்டார்கள் என்கிறான். அவனை அரக்கனாகக் காட்டியிருந்தால் எழுதுவது சுலபம். அவனோ பெற்றதையும் கட்டியதையும் இழந்து நிற்பவன். அப்பா அவனோடு பேசித்தான் மகளை மீட்கிறார். நிஷாவிடம் இருப்பதும் அவனிடம் இருப்பதும் ஒரே துக்கம். அவளுக்கு எழுத ஒரு ஏடு இருந்தது, அவன் கையில் கத்தி இருந்தது. பன்னிரண்டு வயது வாசகருக்கு வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தரப்பைக் குற்றவாளியாக்கும் தவறையும் ஆசிரியர் செய்யவில்லை. இரு மதத்தாரும் ஒருவரையொருவர் தாக்குவதை அந்தச் சிறுமி தன் கண்ணாலேயே பார்க்கிறாள்.

இவ்வளவு கொடுமையைக் குழந்தைகள் படிக்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து எல்லை கடந்த நாட்களில் குழந்தைகளும் நடந்தார்கள், தாகத்தில் தவித்தார்கள். அன்று அவர்களுக்கு நேர்ந்ததை இன்றைய பிள்ளைகள் படிக்கக்கூடத் தாங்க மாட்டார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. கடித வடிவமும் உதவுகிறது. எழுதும் சிறுமி நடந்ததைக் கடந்து வந்துவிட்டாள் என்ற உறுதி ஒவ்வொரு பக்கத்திலும் வாசகருக்குக் கிடைக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. அன்பான முஸ்லிம் சமையல்காரர் ஒருவரைக் காட்டிவிட்டால் தப்பெண்ணம் கரைந்துவிடுமா? எஜமான் வீட்டில் ஊழியம் செய்பவரின் நல்ல குணத்தைப் பாராட்டுவது எவருக்கும் எளிது. காஸி மட்டுமே இருந்திருந்தால் இந்தக் குறை நாவலைச் சாய்த்திருக்கும். ஆனால் நிஷாவின் தாய்மாமன் ரஷீத் இருக்கிறார். வாய்திறந்து பேச முடியாத அவர், எழுதிக் காட்டியே உரையாடுகிறார். தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் எல்லைக்குப் போகும் நிஷாவின் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறார். ரத்த உறவு என்ற உரிமையோடு நிற்கும் அவர் முன்னால் நாங்கள், அவர்கள் என்ற பிரிப்புக்கு இடமே இல்லை. அந்த வீட்டில் இருக்கும்போது நிஷா அண்டை வீட்டு முஸ்லிம் சிறுமி ஹஃபாவோடு நட்பாகிறாள். அந்த நட்பாலேயே ஒளிந்திருப்பது வெளிப்பட்டு, குடும்பம் அவசரமாகக் கிளம்ப நேர்கிறது. அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பொய்யை ஆசிரியர் சொல்லவில்லை. அன்புக்குக் கொடுக்க வேண்டிய விலையையும் குழந்தைக்குக் காட்டுகிறார். சிறார் இலக்கியத்தில் இது அரிதான துணிச்சல்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த நாவலைத் தருபவர்கள் முதலில் தாங்கள் படித்துவிடுங்கள். நம் வீட்டில் இறந்தவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று பிள்ளை கேட்கக்கூடும். அன்று பேச்சை மாற்றாமல் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.